தாங்கிய எடை

சவரிமுத்துவின் இடுப்பு இன்றைக்கும் பூட்டிக்கொண்டது. பரிசோதனைக்கூட நடைபாதையில் பாதிதூரம்கூட வரவில்லை. வலது கால் மரக்கட்டையாக விறைத்து நிற்க, உள்ளிருந்து அந்தப் பெண்குரல் வந்தது: "முறிவு அபாயம். நிற்கவும்."

"நிக்காம என்ன செய்வேன்? நீதான பூட்டிப்புட்ட," என்று குனிந்து தன் இடுப்பிடமே கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நடையைச் சோதித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நிமிர்ந்தார். "முப்பது டன்னத் தூக்கி இறக்குனவன் நான். என் இடுப்பு என்னியத் தூக்க மாட்டேங்குது, பாத்தியா தாயி."

மூட்டுக் கணிப்பாளர் அஞ்சுகம் சிரிக்கவில்லை. தூத்துக்குடியில் எழுபதைத் தாண்டிய பாதிப் பேருக்கு இடுப்பில் காவல்மூட்டு என்ற இந்தச் செயற்கை மூட்டுதான். தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கும் அதன் தண்டு ஒவ்வோர் அடியிலும் சுமையை அளக்கும். பழகியதைவிடச் சுமை கூடினால், எலும்பு முறியப்போகிறது என்று பூட்டும். சட்டென்று குறைந்தால், ஆள் விழுகிறார் என்று பூட்டும். பழகிய சுமை எது என்பதை அறுவை முடிந்த முதல் வாரத்தில், வீட்டில் நடக்கும்போது அதுவே கற்றுக்கொள்ளும். தனியாக நடந்து காட்டினால்தான் தனிநடைச் சான்று. அது இல்லாத முதியவரைத் தனி வீட்டில் இருக்கச் சட்டம் விடாது.

சவரிமுத்துவுக்குத் தன் வீட்டுக்குப் போகவேண்டும். மகன் ஜெரால்டின் பன்னிரண்டாம் மாடியில் கருவாடு பொரிக்க வழியில்லை. புகைமணி அலறும், அதற்கு முன்னால் மருமகள் அலறுவாள்.

எலும்புப் படத்தில் ஒரு குறையும் இல்லை. பின் ஏன் பூட்டுகிறது?

அவர் கிளம்பும்போது விடை கிடைத்தது. ஜெரால்டு ஓடிவந்து வலது அக்குளில் கையைக் கொடுத்தான். இடது பக்கம் மருமகள். கிழவரின் பாதம் தரையில் பட்டும் படாமலும் போனது.

"நடை பாதுகாப்பு," என்றது மூட்டு.

"முதல் வாரமும் இப்படித்தான் பிடிச்சீங்களா?" என்றாள் அஞ்சுகம்.

"பின்ன? பெத்த அப்பாவ ஒத்தையில நடக்க விட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க மேடம்?"

ஆக, அந்த மூட்டைப் பொறுத்தவரை சவரிமுத்து பாதி எடை ஆள். மகன் கையை எடுத்தால் முழு எடை இறங்குகிறது, அது பதறுகிறது.

தலைமை மருத்துவரிடம் போய் நின்றாள். "ஊர்ல எல்லா மூட்டும் இப்படித்தான் சார் கத்துக்கிட்டிருக்கு. எல்லாத்துக்கும் திரும்பப் பழக்கணும்."

"போன வருஷம் ஒரு முறிவுகூட இல்ல. எதுக்கும்மா கிளறுற?"

"நடக்காத கால் எப்படி சார் முறியும்? ஷெட்ல நிக்கிற பஸ் விபத்தே பண்ணலன்னு பெருமை பேசுற மாதிரி இருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த ஒருத்தருக்கு மட்டும் செஞ்சுக்கோ."

மூட்டின் நினைவை அழித்து, ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது என்று கண்டித்துச் சொல்லி, கிழவரைத் தன் கண்முன்னாலேயே நடக்கவிட்டாள். மூட்டு முழு எடையையும் கற்றுக்கொண்டது. பெண்குரல் வாயை மூடிக்கொண்டது.

சான்றுக்கான நாள். சவரிமுத்து நடைபாதையின் கோடிவரை போனார், திரும்பினார், மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். முடிவுக் கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான். ஜெரால்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, பாத்து!"

கை தானாக அக்குளுக்குப் போனது. தூக்கினான்.

பாதிச் சுமை காணாமல் போனது. ஆள் விழுகிறார் என்று முடிவுகட்டிய மூட்டு, விழாத ஆளின் காலைப் பூட்டியது. விறைத்த காலோடு அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். ஜெரால்டின் பிடியில் சட்டைத்துணிதான் மிஞ்சியது. தண்டின் நுனிக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மறுபடி அறுவை. இன்னும் நீளமான தண்டு, புது மூட்டு. அதற்கும் ஒரு முதல் வாரம் உண்டு. அஞ்சுகம் வீட்டுக்கே போனாள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் கிழவரைத் தாங்கி நின்றார்கள்.

"கையை எடுங்க! நீங்க பிடிச்சதாலதான் விழுந்தாரு."

"நீங்க விடச் சொன்னீங்க, விட்டோம். என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?" என்றான் ஜெரால்டு.

அவள் கிழவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

சவரிமுத்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "விடு தாயி. ஒத்தையில நடந்து பட்டது போதும். ஏல ஜெரால்டு, நல்லா இறுக்கிப் பிடில."

அவன் இறுக்கிப் பிடித்தான். பாதம் தரையிலிருந்து லேசாக எழும்பியது.

"நடை பாதுகாப்பு," என்றது மூட்டு.