கைதான் பண்ணுச்சு

செருப்பைக் கழற்றியது ஞாபகம் இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தது ஞாபகம் இருந்தது. நடுவில் என்ன நடந்ததென்று தட்டச்சுக்காரிக்கு ஞாபகமே இல்லை. குளியலறையில் மகளைக் குளிப்பாட்டும் நீலத் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. குழாய் மூடியிருந்தது. தண்ணீரின் மேல்பரப்பு மட்டும் யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சிட்டுவ இன்னும் என் தங்கச்சி வீட்டுலேருந்து கூட்டிட்டே வரல, அதுக்குள்ள தண்ணி ரொப்பிட்டியா?" என்று கணவன் கேட்டான். அச்சகத்தில் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நான் ரொப்பலங்க."

"வேற யாரு, நானா? நாள் பூரா கோர்ட்டுல தட்டிட்டு வர்ற. பழக்கத்துல கை பண்ணியிருக்கும், விடு."

அவளுக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். கை தவறிடுச்சு, வாய் தவறிடுச்சு, கால் தடுக்கிடுச்சு, கண் அசந்துடுச்சு என்று பழியை உடம்பின் ஏதோ ஒரு மூலையில் தள்ளிவிட்டு மனுஷி நழுவிக்கொள்ளலாம். சாட்சிகளின் வாயிலிருந்து வருஷக்கணக்காக அவள் தட்டி எடுத்த வார்த்தைகள்தானே இவை. தொட்டியைச் சாய்த்தாள். தண்ணீர் கடகடவென்று ஓடி, சாக்கடைத் துளையில் நீளமாக ஒரு உறிஞ்சல் சத்தத்தோடு மறைந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் குளிர்ந்த இரும்பின் வாசனை ஒன்று அறையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் நீதிமன்றத்தில், சில நாளாக அவள் தட்டிக்கொண்டிருந்த கொலை வழக்கு தொடர்ந்தது. பெற்ற மகளைத் தண்ணீரில் அமுக்கியதாகக் கூண்டில் நின்றவள் சாதுவான பெண். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளையும் முந்தானையால் சுற்றி மறைத்திருந்தாள்.

"வேணும்னே பண்ணீங்களா, தெரியாம பண்ணீங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

அந்தப் பெண் முந்தானைக்குள் இருந்த கைகளைக் குனிந்து பார்த்தாள். மின்விசிறி மட்டும் கடகடத்தது. தட்டச்சுக்காரி திரையைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. 'நான் பண்ணல. கைதான் பண்ணுச்சு. நான் பாத்துட்டு நின்னேன்.'

அதற்குப் பிறகுதான் கூண்டிலிருந்து குரல் வந்தது. "நான் பண்ணலைங்க. கைதான் பண்ணுச்சு. நான் பாத்துட்டு நின்னேன்."

யாரும் எதையும் கவனிக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் தலையைத் திருப்பித் தட்டச்சுக்காரியைப் பார்த்தாள். கோபமாக இல்லை. பாவமாகப் பார்த்தாள்.

அன்று மாலை தொட்டி மறுபடி நிரம்பியிருந்தது. அதற்கடுத்த நாளும் நிரம்பியிருந்தது, ஆனால் அன்று அது வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தைக்கு இதமான சூடு. யாரோ பார்த்துப் பார்த்து விளாவியிருந்தார்கள்.

அவள் சிட்டுவின் துணிகளை ஒரு பையில் திணித்து நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள். "கொஞ்ச நாள் இவ உன்கூடவே இருக்கட்டும். யார் வந்து கேட்டாலும் அனுப்பாத. நானே வந்து கேட்டாலும்."

"என்ன அண்ணி இது? உங்க பிள்ளைய நீங்க கேட்டா..."

"குடுக்காத. உன் கால்ல வேணாலும் விழுறேன்."

சிட்டு கதவிடுக்கில் முகத்தை நுழைத்து, "அம்மா, நாளைக்கு வருவல்ல?" என்றாள். தட்டச்சுக்காரி பதில் சொல்லாமல் படியிறங்கினாள். சொன்னால் வாய் என்ன சொல்லும் என்று அவளுக்கே தெரியவில்லை.

வேலைக்கு விடுப்பு சொன்னாள். தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அம்மிக் கல்லைத் தூக்கி வைத்தாள். வீட்டுக்கு வரும் தண்ணீரை வாசல் வால்வில் அடைத்தாள். அப்படியும் மனசு ஆறவில்லை. மத்தியானம், வேலை முடிந்து தூக்கக் கண்களோடு உட்கார்ந்திருந்த கணவனிடம் துப்பட்டாவை நீட்டினாள்.

"என் கைய கட்டுங்க."

"உனக்குப் பைத்தியமா?"

"பைத்தியம்னே வச்சுக்கோங்க. கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

அவள் அழுத அழுகையைப் பார்த்து அவன் பேச்சை நிறுத்தினான். மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினான். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டான். "நான் இங்கயேதான் இருப்பேன். தூங்கு." திரைச்சீலைக்கு வெளியே வெயில் அடித்தது. தெருவில் யாரோ கம்பளம் தட்டினார்கள். தொப், தொப். அவள் அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். அதை விட்டால் விழுந்துவிடுவாள். தொப். தொப்.

தொலைபேசி அடித்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில். ஃபோன் ஏற்கெனவே காதில் இருந்தது.

"வீடு போய்ச் சேர்ந்துட்டீங்களா அண்ணி?" நாத்தனாரின் குரல். "சிட்டு செருப்ப இங்கயே விட்டுட்டீங்க."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்தினாள்.

"நீங்க குடுக்காதன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு அண்ணி. சத்தியமா இருந்துச்சு. ஆனா நீங்க சிரிச்சுட்டே கைய நீட்டுனீங்க. அவ தாவிட்டா. என்னையறியாம விட்டுட்டேன்... அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கணவன் நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் பிளந்து தூங்கினான். கட்டிலில் துப்பட்டா கிடந்தது. அவிழ்த்து, நாலாக மடித்து.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அம்மா!" சிட்டுவின் குரல். "தொட்டி ரொம்பிடுச்சும்மா! வா!"

உயிரோடு இருக்கிறாள்.

ஓடு. வாசல் பக்கம் ஓடு. தெருவுக்கு. கூச்சல் போடு. அவரை எழுப்பு. தட்டச்சுக்காரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கால்கள் குளியலறைப் பக்கம் நடந்தன. அவசரமே இல்லாமல். கை கதவைத் தள்ளியது.

சிட்டு தொட்டியில் நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

'என்னங்க! எந்திரிங்க! என்னப் பிடிச்சுக்கோங்க!' அவள் கத்தினாள். மனசுக்குள் அத்தனை சத்தமாக. வாய் திறந்தது.

"சமத்துக் குட்டி," என்றது வாய், தேனொழுக. "கண்ண மூடிக்கோ. சோப்பு போடப் போறேன்."

சிட்டு கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

கை பின்னால் போய்க் கதவைச் சாத்தியது. தாழ்ப்பாளைப் போட்டது. பிறகு இரண்டு கைகளும் அவள் கண்ணெதிரே வந்தன. ஒன்றிலிருந்து ஒன்று வளையல்களைக் கழற்றின. பிஞ்சுத் தோளில் கீறிவிடக் கூடாதே என்பதுபோல, ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தன.