விசிறித் தண்டில் சுற்றியிருந்தது

படகு மோட்டாரின் அடித்திருகைக் கழற்றியதும் கியர் ஆயில் கறுப்பாக வழிய வேண்டும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வழிந்தது. மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கோடை முழுக்கக் கொட்டகை உத்திரத்தில் காய்ந்து தொங்கிய மோட்டாருக்குள்.

விடிந்தால் அவனும் மனைவியும் கால்வாய் வழியே நெடுந்தூரம் போயாக வேண்டும். மறுகோடியில் மதகுக் காவல் வேலை காத்திருந்தது. படகும் மோட்டாரும் மனைவியின் அண்ணன் கொடுத்தவை. "தண்ணியில தனியா போகப் பயமில்லையே மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார். வீடே சிரித்தது. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த புதிதில், பரணில் பூனை பாத்திரத்தை உருட்டியதற்கு அவன் போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது. அன்றைக்குக் குனிந்த தலை நிமிரவே இல்லை. இன்னமும் சாப்பிடும்போது யாராவது ஒருவர் மெல்ல "மியாவ்" என்பார். மனைவி வாயைப் பொத்திக்கொள்வாள். மற்றவர்கள் சிரித்ததைவிட அதுதான் அவனைச் சுட்டது.

தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கும் என்று நினைத்து விசிறியைக் கழற்றினான். தண்டில் சுற்றியிருந்தது முடி. கறுத்த, நீண்ட, பெண்ணின் தலைமுடி. கத்தி முனையால் நெம்பி இழுக்க இழுக்க, ஆற்றடிச் சேறும் வாடிய பூவும் கலந்த வாடையோடு அது வந்துகொண்டே இருந்தது, சொட்டச் சொட்ட நனைந்து, இப்போதுதான் தலைமுழுகி எழுந்தவள் கூந்தல்போல வெதுவெதுப்பாக.

வாசலில் நிழல் விழுந்தது. மச்சான்.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

முடியைக் காலடியில் தள்ளி மிதித்துக்கொண்டான். இதைப் பாருங்கள் மச்சான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் உதட்டோரத்தில் அந்தப் பூனை தயாராக உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான். சீல் போயிருந்துச்சு. மாத்திட்டா சரியாயிடும்."

அவர் போகும்வரை காலை எடுக்கவில்லை. உள்ளங்காலுக்கடியில் அது மெதுவாக நெளிந்து, கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு வெட்டிக் குப்பையில் போட்டான். சீல் வளையத்தை மாற்றி, புது ஆயில் ஏற்றி, பிளக்கைத் துடைத்து முடுக்கினான். அதற்குள் அது இரண்டு முறை கைநழுவி விழுந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதில் ஓர் அற்ப நிம்மதி. அந்த நிம்மதியே அவனைக் கூசவைத்தது.

காலையில் மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. மச்சான் கரையில் நின்று கையசைத்தார். மனைவி படகின் முன்முனையில் உட்கார்ந்து தண்ணீரில் கையை அளைந்தபடி வந்தாள். வீடுகள் முடிந்தன. இருகரையிலும் நாணல் மட்டும்.

வளைவு தாண்டியதும் மோட்டார் நின்றது.

கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினான். விசிறி சுத்தமாக இருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது. சுழலவில்லை.

நாணல் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

படகு நகர்கிறது. எதிரோட்டத்தில்.

"இப்பதாங்க சத்தமில்லாம நல்லா ஓடுது," என்றாள் அவள், திரும்பாமல்.

"ம்."

"தண்ணிக்குள்ள யாரோ என் கையைப் புடிச்சிருக்காங்க. விடமாட்டேங்கிறாங்க."

விளையாடுவதுபோலத்தான் சொன்னாள். அவள் கை முன்னால் நீண்டு, முழங்கைவரை நீருக்குள் இருந்தது. விறைத்து. இழுபட்ட கயிறுபோல.

இப்போது தோள்வரை.

கத்த வாய் திறந்தான்.

அவள் தலையைத் திருப்பினாள். முகத்தில் சிரிப்பில்லை. மணமானதிலிருந்து முதன்முறையாக, கேலி இல்லாமல், பதில் வேண்டிக் கேட்டாள்.

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்ல," என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் கன்னம் தண்ணீரில் படிந்தது. ஒரு கண் நீருக்கு மேலே. ஒரு கண் கீழே. இரண்டும் திறந்தபடி, இமைக்காமல், அவனையே பார்த்துக்கொண்டிருக்க, படகு வேகமெடுத்தது.