இரண்டும் ஒரே முறுக்கு

“கொல்லர் இல்லையா?”

மழையோடு மழையாக ஷெட்டுக்குள் ஓடிவந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. தலையில் போட்டிருந்த துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் நனைந்த செய்தித்தாள் பொட்டலம்.

உலைக்கு முன்னால் நின்றவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். மூக்கு நுனியில் கரி. “அவங்ககிட்டதான் பேசிட்டு இருக்கீங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். உலை வெளிச்சம் அவள் கண்களில் விழுந்து... சரி, அதை அவனே சொல்லட்டும், நாம் அவள் பக்கம் இருப்போம். அவள் கண்டதெல்லாம், நனைந்த இமைகளுக்குள் சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“நான் தச்சு வேலை செய்றவன். புது நூலகத்து வாசல் கதவு என்னோடது. ஹார்டுவேர் கடைக்காரர்கிட்ட கைப்பிடி கேட்டிருந்தேன். அவர் உங்ககிட்ட செய்யக் குடுத்திருக்கார்போல...”

பொட்டலத்தைப் பிரித்தான். அவள் செய்த இரண்டு கைப்பிடிகள். சதுரக் கம்பியைக் காய்ச்சி, நடுவில் நான்கு சுற்று முறுக்கியது. பட்டறை வேலைக்கு வந்து ஐந்தே மாதம். ஆணி, கொக்கி, தாழ்ப்பாள் என்று அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர்.

“இதுல என்ன குறை?”

“தனித்தனியாப் பார்த்தா ஒரு குறையும் இல்லைங்க. ஜோடிதான் சேரலை. ரெட்டைக் கதவு... ஒண்ணு இடது பக்கம் முறுக்கினா, இன்னொண்ணு வலது பக்கம் முறுக்கணும். இது ரெண்டும் ஒரே பக்கமா முறுக்கிக்கிட்டு நிக்குது.”

“ஒண்ணைத் தலைகீழா மாட்டுங்க!”

அவன் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதன் பக்கத்தில் பிடித்தான். அப்போதும் அதே முறுக்கு. அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

“இந்த ஒரு ஆர்டரை ஒழுங்கா முடிச்சுக் காட்டு. இல்லேன்னா திங்கட்கிழமை ஷெட்டை வாடகைக்கு விட்டுடுவேன்” என்று அண்ணன் கெடு வைத்து நான்கு நாள்கூட ஆகவில்லை. அதே திங்கட்கிழமைதான் நூலகத் திறப்பும்.

அவள் கண்ணில் ஏதோ பளபளத்திருக்க வேண்டும். அவன் குரல் இறங்கியது. “பரவாயில்லைங்க... இப்படியே மாட்டிடுறேன். யாரு கவனிக்கப் போறாங்க?”

அங்கேதான் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“இதை என் கண்ணைப் பார்த்துச் சொல்றீங்களா, கைப்பிடியைப் பார்த்துச் சொல்றீங்களா?”

“அது வந்து...”

“நீங்க கவனிச்சீங்கல்ல? அது போதும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியானது வரும். பரிதாபப்பட்டு யாரும் என் வேலையை வாங்க வேண்டாம்.”

“நல்லது நினைச்சுச் சொன்னா இப்படியா? கடையில மெஷின்ல செஞ்சது அடுக்கி வச்சிருக்காங்க. அதையே வாங்கிக்கிறேன்!”

“தாராளமா!”

இரண்டையும் அள்ளிக்கொண்டு அவன் மழையிலேயே முறுக்கிக்கொண்டு போனான். இவளும் முறுக்கிக்கொண்டு நின்றாள். அவன் துண்டு மட்டும் பெஞ்சில் கிடந்தது.

வாங்கட்டுமே... எனக்கென்ன வந்தது? சொன்னபடி செய்து அவன் முன்னால் வைக்காமல் விடுவதாக இல்லை அவள். அடுத்த கம்பியை முனை மாற்றி, பெஞ்சில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி முறுக்கினாள். பாழாய்ப்போனது, அதே முறுக்கு! இன்னொன்றை அளவுக்கு மீறிக் காய்ச்சியதில் பொறி பறந்து இரும்பே தீய்ந்தது. மற்றொன்று சூடு ஆறியது தெரியாமல் முறுக்கி விரிசல் விட்டது. உள்ளங்கையில் கொப்புளம். மிச்சம் ஒரே ஒரு கம்பி.

சனிக்கிழமை மத்தியானம் கூரை ஒழுகி அந்தத் துண்டு மறுபடி நனைந்திருந்தது. எடுத்துப் பிழிந்தாள். பிழிந்தபடியே நின்றுவிட்டாள். முனை மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்... துணியின் முறுக்கு மாறவில்லை. கையை எதிர்ப்பக்கம் திருகினாள்... மாறியது!

“அடச்சே, இவ்வளவுதானா!”

கம்பியை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான். சுற்றுகிற கைதான் மாற வேண்டும். வாய்விட்டுச் சிரித்தாள். துண்டில் மரத்தூள் வாசனை. அதை ஏன் அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கடைசிக் கம்பி. ஆரஞ்சு நிறம் வரும்வரை பொறுத்தாள். வைஸில் இறுக்கினாள். ஸ்பேனரை எதிர்ப்பக்கம் இழுத்தாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. நிறுத்தினாள்.

ஞாயிறு சாயங்காலம் நூலக வாசலில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். இடது கதவில் அவள் செய்த கைப்பிடி. வலது கதவில் வெறும் துளைகள். புதுக் கைப்பிடியோடு வந்தவள் கேட்டாள்.

“மெஷின் கைப்பிடி வாங்கலையா?”

“கடை வரைக்கும் போனேன். திரும்பிட்டேன்.”

“ஏன்?”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள வரும்னு ஒருத்தங்க சொல்லியிருந்தாங்க.”

அவள் கைப்பிடியை நீட்டினாள். அவன் மாட்டி, திருகாணிகளை இறுக்கி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். ஒன்று இப்படி, ஒன்று அப்படி... இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அவள் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: ‘சொன்னா சொன்னதுதான். ஷெட் உனக்கே. வாடகைக்குப் பார்க்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன்.’

படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து துண்டை எடுத்தாள். “உங்களுது...”

வாங்கி வைக்க அவன் கருவிப் பெட்டியை இழுத்தான். பெட்டிக்குப் பிடியாக, ஜோடி சேராத அவளுடைய அந்த இன்னொரு கைப்பிடி!

“இதை... தூக்கிப் போடலையா?”

“பழைய பிடி நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டிட்டு இதை மாட்டினேன். தினமும் கையில இருக்கட்டுமேன்னு...” காது மடல்கள் சிவந்தன. “அன்னைக்கு நான் கைப்பிடியைப் பார்த்துச் சொல்லலைங்க. உங்க கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனா அது பரிதாபம் இல்லை.”

மழை மறுபடி தூறத் தொடங்கியது. இருவரும் நகரவில்லை.

அவன்தான் தடுமாறிக் கேட்டான். “இந்தப் பெட்டியில இது... பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு” என்றாள். பெட்டியை அவள் பார்க்கவே இல்லை. அவன் கண்ணைப் பார்த்து அவளே சேர்த்துச் சொன்னாள்:

“நான் கைப்பிடியைச் சொல்லலை.”