ஒரே ஆள், இரண்டு விளக்குகள்

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டதால் காந்திபுரத்துத் துப்பாக்கிக் கடையில் நிற்க இடமில்லை. மிக்சி வாங்க வந்தவர்களைப் போல எல்லோரும் கையில் எடுத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கொரு கைத்துப்பாக்கி என்று சட்டம் போட்டுவிட்டுக் காவல் நிலையங்களை மூடிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் வாங்காத வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. இல்லையென்றால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்?

விற்பனையாளன் பிரணேஷ் இரண்டை எடுத்து வைத்தான். இரண்டும் அரைத்தானியங்கி. அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன.

“என்ன தம்பி வித்தியாசம்?”

“பிடி மட்டுந்தானுங்க்கா. இதுல ரப்பர், அதுல இரும்பு.”

“இடர்மானி?”

“அதெல்லாம் ஒண்ணேதானுங்க.”

இடர்மானி என்பது குழலுக்கு மேலே இருக்கும் சின்னக் கண். எதிரே வருபவரின் நடை, மூச்சு, கையசைவு எல்லாவற்றையும் அளக்கும். பச்சை எரிந்தால் விசை பூட்டிக்கொள்ளும். ஆபத்தானவர் என்று சிவப்பு எரிந்தால் திறந்துகொள்ளும். அப்போது சுட்டால் குற்றமில்லை. ஆளைத் தீர்மானிப்பது இயந்திரம், விரலை அசைப்பது மட்டும் நாம். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வெளியே ஆட்டோவில் குறுகி உட்கார்ந்திருந்தார். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். நடுக்குவாதம் வந்தபின் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. எங்கள் தெருவில் அவரைப் போலவே கை நடுங்கும் ஒருவர் பால் வாங்கப் போய்ப் பிணமாகத் திரும்பினார். சிவப்பு எரிந்ததாம். வழக்கு அத்தோடு முடிந்தது.

இந்தக் கண்கள் அவரை என்னவென்று சொல்லும் என்று பார்த்துவிட, நான் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

“வேண்டாம் அம்மிணி. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுமுங்க. சும்மா நில்லுங்க.”

காட்சிக்கு வைத்தவை, குண்டு கிடையாது. ஆனாலும் கட்டிய புருஷனை நோக்கித் துப்பாக்கியைத் திருப்ப என் கை கூசியது. முதலாவதில் பச்சை. அப்பாடா என்றிருந்தது. இரண்டாவதைத் திருப்பினேன். சிவப்பு.

எடை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“சார்ஜ் கம்மியா இருக்கும், குடுங்க்கா,” என்று கையை நீட்டினான் பிரணேஷ்.

நான் கொடுக்கவில்லை. மறுபடி முதலாவது, பச்சை. மறுபடி இரண்டாவது, சிவப்பு.

“ஒண்ணேதான்னு சொன்னியே தம்பி? இவரு சாகணுமா வேண்டாமா? எது சொல்றது நெசம்?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “பச்சை காட்டுறதையே எடுத்துக்கங்க்கா. வெலை கொறைச்சுத் தாரேன்.”

“இது எங்கூட்டு அலமாரியில கெடக்கும். ரோட்டுல வர்றவன் இடுப்புல எது இருக்கும்?”

அந்த இரண்டாவது மாதிரியில் இன்னொன்றைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் அதை மெதுவாக மேசையில் வைத்தாள்.

நானும் இரண்டையும் வைத்தேன். “ரெண்டும் வேண்டாம்.”

“கரண்டைப் புடுங்கிருவாங்க்கா!”

“புடுங்கட்டும். இருட்டுல சோறு தின்னுக்கறோம்.”

வெளியே ஆட்டோ காத்திருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பினார்.

“அதுல வேண்டாமுங்க. நடந்தே போலாம்,” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கையை வெளியே எடுத்தார். அது நடுங்கியது. பிடித்துக்கொண்டேன். பயத்தில் என் கையும் நடுங்கியது, பொய் சொல்வானேன். பட்டப்பகலில், துப்பாக்கி செருகிய இடுப்புகளுக்கு நடுவே நடந்தோம். இனி எந்த இடர்மானியாக இருந்தாலும் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.