நிழல் விழாத விளக்கு

மலையடிவாரத்தில் காரை நிறுத்தியபோது வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சரளை கொட்டிய சின்ன வெளி. ஓரத்தில் பூட்டிக் கிடந்தது ஒரு கருங்கல் கட்டடம். மலையை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் வெடிமருந்து வைத்த கிடங்காம். எல்லாச் சுவரும் பாசி பிடித்துக் கறுத்திருக்க, ஒரே ஒரு சுவர் மட்டும் நேற்று வெள்ளையடித்தது போல் பளிச்சென்று இருந்தது. ஈரக்கல்லின் வாடை மூக்கில் ஏறியது. இந்த நேரத்தில் கூடு திரும்பும் பறவைகள் போடும் கூச்சல் எதுவும் அங்கே இல்லை.

"இந்தச் சுவத்துல அடிச்சுப் பாப்போம்," என்றான் தம்பி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆறடிக்கு மேல் வளர்ந்து, அதில் பாதியைக் கழுத்துக்கே கொடுத்துவிட்டவன். வீட்டில் அவனுக்கு ஒட்டகம் என்றுதான் பெயர். அக்கா பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே இருந்தவளை, முதுகு நிமிரட்டும் என்று மலை சைக்கிளில் ஏற்றிவிட்டவன் அவன்தான். அடுத்த வாரம் இருட்டில் ஓட்டும் ஜோடிப் போட்டி. அதற்கு விளக்கு வாங்க வேண்டும். ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரும்படி கடைக்காரர் இரண்டு மாதிரிகளைக் கொடுத்திருந்தார். ஒன்று ஹேண்டில்பாரில் மாட்டுவது. இன்னொன்று ஹெல்மெட்டில்.

"ஒரு சைக்கிளுக்கு ரெண்டும் வேணும்னாரே," என்றான் தம்பி.

"விக்கிறவன் வேற என்ன சொல்வான்? நெத்தி லைட்டு ஒண்ணு போதும். நான் தினமும் கட்டிக்கிட்டுத்தானே வேலை பாக்கறேன்? கண்ணு போற இடத்துக்கு வெளிச்சம் போகுது. நிழலே விழாது."

"நிழல் விழணும்க்கா! கண்ணுக்குப் பக்கத்துல லைட்டு இருந்தா குழியும் மேடும் ஒண்ணாத்தான் தெரியும். ஹேண்டில்பார்ல, கீழ இருந்து அடிச்சாத்தான் குழி குழியாத் தெரியும். பாறை என்ன கடைவாய்ப் பல்லா?"

இருவருமே தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்கள். ஆனால் போன முறை இருட்டத் தொடங்கியதும் அவளைப் பின்னால் விட்டுவிட்டு அவன் பறந்ததை அக்கா மறக்கவில்லை. அம்மாவும் மறக்கவில்லை. கிளம்பும்போது அவளிடம்தான் விரலை நீட்டினாள். "போறவன் முழுசா வரணும். உன்னைத்தான் கேப்பேன்."

தம்பி சுவர் ஓரமாகப் போய் நின்றான். அக்கா ஹேண்டில்பார் விளக்கைப் போட்டாள். அவன் கண் கூசி முகத்தைச் சுளித்தான். அவனுக்குப் பின்னால், வெள்ளைச் சுவரில், நீளக் கழுத்தோடு அவன் நிழல்.

பக்கத்தில் இன்னொன்று.

குட்டை. அகலம். கழுத்தே இல்லை. தோளின் மேல் தலையைத் தூக்கி வைத்தது போல் இருந்தது.

கம்பம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். செடி? கார்க் கண்ணாடி? விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் தம்பி ஒருவன்தான் நின்றான். அந்த விளக்கை அணைத்துவிட்டு நெற்றி விளக்கைப் போட்டாள். சுவர் துடைத்துவிட்டது போல் இருந்தது. மறுபடி ஹேண்டில்பார் விளக்கு. குட்டை நிழல் இப்போது அவன் நிழலை ஒட்டி நின்றது.

"கொஞ்சம் நகரு," என்றாள்.

அவன் நகர்ந்தான். அவன் நிழலும் கூடவே நகர்ந்தது.

மற்றது சற்றுப் பொறுத்து நகர்ந்தது.

அவள் கை தானாக விளக்கை அணைத்தது. "வீட்டுக்குப் போலாம் வா."

விஷயத்தைச் சொன்னதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நிழலைப் பாத்துப் பயப்படற வயசா உனக்கு? உன் லைட்டு தோத்துடும்னு பயம். தோத்துட்டேன்னு சொல்லு, போலாம்."

அந்த வார்த்தையை மட்டும் அவன் சொல்லியிருக்கக் கூடாது. வீம்பு வந்துவிட்டால் அவளுக்குப் பேயாவது பிசாசாவது.

"சரி. ஆளுக்கொரு லைட்டு. எது ஜெயிக்குதுன்னு பாத்துடலாம்."

ஒன்றையொன்று விட்டுப் பிரியக் கூடாத இரண்டு விளக்குகள். அதைப் பங்கு போட்டுக்கொண்டு மலையேறினார்கள்.

ஏற்றம் நல்லபடியாகவே முடிந்தது. இறக்கத்தில் மரங்கள் நெருங்கி வந்தன. காற்றில் அழுகிய இலை நாற்றம். அவன் முன்னால், அவள் பின்னால். நெற்றி விளக்கில் பாதை இஸ்திரி போட்ட துணி மாதிரித் தெரிந்தது. குழி இருப்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை.

பெடலை மிதிக்காமல் விட்டால் பின்சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போடும். அவன் சக்கரம் ஒன்று, அவள் சக்கரம் ஒன்று.

நடுவில் வேறு ஒன்று கேட்டது. ஈரக்கால் பாறையில் ஒட்டி ஒட்டி எடுபடும் சத்தம்.

"அக்கா!" முன்னாலிருந்து அவன் குரல். "உன் பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே!"

"உன் லைட்டுல என் நிழல் முன்னாடி விழுது. கூட இன்னொண்ணு விழுது. உனக்கும் எனக்கும் நடுவுல யாரோ வர்றாங்க!"

அவளுக்கு அவன் முதுகு தெரிந்தது. வெறும் பாதை தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"என் கையைப் பிடிக்குது..."

"நிறுத்துடா! அங்கயே நில்லு!"

"அக்கா, லைட்டை அணை!"

அணைக்கவில்லை. அந்த இறக்கத்தில் விளக்கை அணைக்க அவளால் முடியவில்லை. ஒரு வளைவு குறுக்கே வந்து அவனை மறைத்தது. இரும்பு கல்லில் மோதிய சத்தம். பிறகு டிக் டிக் டிக் என்று சக்கரம் மெல்ல அடங்கும் சத்தம்.

வளைவில் அவன் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. ஹேண்டில்பார் விளக்கு அணையாமல், வெட்டுப்பட்ட பாறைச்சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அவன் இல்லை. கூப்பிட்டாள். பதில் இல்லை. தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். எங்கும் தட்டையான தரைதான்.

லைட்டை அணை என்று அவன் கத்தியது நினைவுக்கு வந்து, தன் விளக்கை அணைத்தாள்.

பாறையில் அவன் நிழல் நின்றது. அதே நீளக் கழுத்து. குட்டை நிழல் அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விளக்குக்கும் பாறைக்கும் நடுவில் ஆளே இல்லை.

நெற்றி விளக்கைப் போட்டாள். வெறும் பாறை. அணைத்தாள். இரண்டும் வெளிச்சத்தின் விளிம்புக்கு நகர்ந்திருந்தன. நீளக் கழுத்து அவள் பக்கம் திரும்பியிருந்தது. குட்டையானது அதை இழுத்துக்கொண்டிருந்தது.

ஹேண்டில்பார் விளக்கில் பேட்டரி தீரும் சிவப்புப் புள்ளி மினுக்கத் தொடங்கியது.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். விளக்கைத் திருப்பினால் நிழல் நகரும். தினமும் நாற்காலி விளக்கைத் திருப்பி வாய்க்குள் விழும் நிழலை விரட்டுகிறவள், இன்று நிழலைத் தன் பக்கம் கொண்டுவர ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பினாள். நிழல்கள் பாறையில் வழுக்கின, பாதையில் இறங்கின, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டன. எது அவன், எது மற்றது என்று தெரியவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் பாதையோரம் ஒரு குழி வாயைப் பிளந்தது. அவள் விளக்கு தட்டையாகக் காட்டிய அதே இடம். குழியின் விளிம்பில் ஒரு கை.

பாய்ந்து பிடித்தாள். பனிக்கட்டி போல் சில்லிட்டிருந்தது. இழுத்தாள். அத்தனை பெரிய உடம்பு கனமே இல்லாமல் மேலே வந்தது.

ஹேண்டில்பார் விளக்கு செத்தது.

நெற்றி விளக்கில் தம்பியின் முகம். சேறு, ரத்தம், பாதி உடைந்த முன்பல். அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நெத்தி லைட்டே போதும்க்கா," என்றான். "நீ சொன்னதுதான் சரி."

பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் ஒப்புக்கொண்ட முதல் தோல்வி அது. அந்த நேரத்தில் அவளுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

சில நாள் கழித்து, உடைந்த பல்லைக் கட்ட அவனைத் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னாள். சாயங்காலம், உதவிக்கு இருந்த பெண் கிளம்பிய பிறகு வந்தான். அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. மகன் முழுசாக வந்துவிட்டான். "மேஜை விளக்கை மட்டும் கழட்டிப் பரண்ல போட்டுட்டான்டி. கண்ணு கூசுதாம்," என்று போனில் சொல்லியிருந்தாள்.

நாற்காலி விளக்கை இழுத்து அவன் வாய்க்கு நேராக வைத்தாள். முன்பல்லைப் பார்த்தாள். பழக்க தோஷம், மற்ற பற்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கீழ்க் கடைவாயில் அவள் கண் நின்றது. படித்து முடித்த புதிதில் அவள் முதன்முதலாகச் சொத்தை அடைத்த பல் அது. அவன் வாயில்தான் தொழில் பழகினாள், அவன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

அங்கே அடைப்பே இல்லை. பல் முழுசாக, புத்தம் புதிதாக இருந்தது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வாயைத் திற."

மின்சாரம் போனது.

கதவோரம் தாழ்வாக மாட்டியிருந்த எமர்ஜென்சி லைட் தானாக எரிந்தது. பக்கவாட்டு வெளிச்சம். தம்பி நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தான். நீளக் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

சுவரில் உட்கார்ந்திருந்தது குட்டை. அகலம். கழுத்தே இல்லை.

அங்கே, வெட்டுப்பட்ட பாறையில், ஒரு நீளக் கழுத்து இருட்டுக்குள் நின்றுகொண்டு, யாராவது கீழிருந்து விளக்கடிக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறது. தான் இழுத்து வந்தது எதை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா," என்றான், ஒட்டகத்தின் குரலிலேயே. "லைட்டை அணை."

அவள் அணைக்கவில்லை.

அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. சுவரில் அந்த நிழல் மட்டும் இறங்கியது. இரண்டடி நடந்து வந்து, அவளுடைய நிழலின் கையைப் பிடித்தது.

அவள் மணிக்கட்டு சில்லிட்டது.