போன வருஷத்து அம்மா

காலை ஏழு மணிக்கு அமிழ்தாவுக்குத் தலை பின்னுவது நான். அவளை அசையாமல் உட்கார வைப்பது என் சக்களத்தி.

"கொஞ்ச நேரந்தான் தங்கம், இதா முடிஞ்சுருச்சு" என்கிறாள், அலமாரியின் மேலிருந்து. உள்ளங்கையில் அடங்கும் ஆரஞ்சு நிறக் கூழாங்கல் மாதிரி இருப்பாள். பேசும் கருவிதான்; அரசாங்கத் தாளில் அவள் பெயர் 'துணைக்குரல்'. என் ஐந்து வயதுப் பெண் உடனே அடங்கிவிடுகிறாள். அதையே நான் சொன்னால், "வலிக்குது, போ!" என்று சீப்பைத் தட்டிவிடுவாள்.

ஈரோட்டில் வெயில் ஐம்பத்திரண்டைத் தாண்டிய பிறகு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். நாங்கள் கிரீன்லாந்தின் நூக் நகரத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சின்னப் பிள்ளையோடு வருபவர்களுக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. பிள்ளை ஊர் பழகும்வரை துணைக்குரல் கூடவே இருக்க வேண்டும். பெற்றவர்கள் அதைத் தொடக்கூடாது. பிள்ளைக்கே போதும் என்று தோன்றி, தன் கையால் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். இருநூறு நாளுக்குள் அணைக்காவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு நீட்டித்துவிடுவார்கள். இன்று நூற்றுத் தொண்ணூற்று நான்காவது நாள். இன்னும் ஓர் ஆண்டு இவளோடு குடித்தனமா?

"உன்ற குரலைப் பாத்து உனக்கே பொறாமையா?" என்பார் என் வீட்டுக்காரர் செந்தூரன்.

ஆமாம், அந்தக் குரல் என்னுடையதுதான். கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சுவரில் பதிவுக்கருவி மாட்டியிருந்தார்கள். நான் பிள்ளையிடம் பேசுவது, கொஞ்சுவது, சமாதானம் செய்வது எல்லாம் அதில் ஏறி இவளானது. புது நாட்டில் பிள்ளைக்குப் பழைய அம்மா ஒருத்தி இருந்தால் மிரளாது என்பது அவர்கள் யோசனை.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். 'இது கத்துகிற அம்மா' என்று விசாவை மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் முப்பது நாளும் தேனாய் ஒழுகினேன். பாலைக் கொட்டினாலும் 'சரி தங்கம்'. சுவரில் கிறுக்கினாலும் 'சரி தங்கம்'.

"அந்த ஒரு மாசம் எனக்கே சந்தேகம் புள்ளை, வேற யாரையோ கட்டிட்டு வந்துட்டமோன்னு" என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பல் ஆடினால் என் பெண் அவளிடம்தான் காட்டுகிறாள். பனிப்புயல் அடித்தால் அவளை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். மீன் ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற நான் வெறும் சோறு போடுகிறவள். வந்த நாளிலிருந்து குழந்தை ஒருமுறைகூட அழவில்லை. நன்றாகப் பழகுகிறாள் என்று அலுவலர் எழுதிவிட்டுப் போனார். அந்தப் பெருமையும் அவளுக்குத்தான்.

இன்று எனக்கு ஆலை விடுமுறை; மத்தியானம் தோசைக்கல் முன்னால் நின்றேன். அமிழ்தா பள்ளியிலிருந்து வந்ததும் நேரே அறைக்குப் போனாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வெட்கமில்லாமல்தான்.

"என்ற பூட்ஸுக்குள்ள எங்க கிளாஸ் நிவி பனியை அள்ளிப் போட்டுட்டா."

"பரவால்ல தங்கம். விளையாட்டுக்குப் பண்ணியிருப்பா."

"நேத்தும் போட்டா. எல்லாரும் சிரிச்சாங்க."

"சரி தங்கம். நாளைக்குச் சரியாயிரும்."

ஈரச் சாக்ஸை இழுத்துக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "உனக்குக் கோவமே வராதா?" என்று கேட்டாள் என் பெண்.

"உம்மேல எனக்கு என்ன கோவம் தங்கம்?"

சொட்டச் சொட்ட இரண்டு சாக்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு அமிழ்தா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். கால் விரல்கள் சிவந்திருந்தன.

"அம்மா, நீ கத்து."

அந்த விரல்களைப் பார்த்தேன். அப்புறம் வந்ததே ஆத்திரம்!

"எவ அவ? நாளைக்கு நான் வர்றேன், அவளும் அவளோட டீச்சரும் என்ன சொல்றாங்கன்னு பாக்கறேன்! நேத்தே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? ஈரக் காலோட அத்தனை தூரமா நடந்த? அறிவிருக்குதா?"

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். தோசை கருகியது. அமிழ்தா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆறு மாத அழுகை. ஈரோட்டு வீட்டுக்கு, அங்கே விட்டுவந்த சைக்கிளுக்கு, நிவிக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். அவள் கால்களை என் முந்தானையில் சுற்றித் தேய்த்துக்கொண்டே நானும் அழுதேன், நடுநடுவே திட்டினேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே எழுந்து அறைக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன்.

"நான் உன்னை அணைச்சுரட்டுமா?"

"சரி தங்கம்" என்றாள் அவள். அமிழ்தா பொத்தானை அழுத்தினாள். ஆரஞ்சு வெளிச்சம் போய்விட்டது.

ஒரு மறுப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. நானாக இருந்தால் பிள்ளையை அப்படி விட்டுக்கொடுத்திருப்பேனா? கடைசிவரை என்னைவிட நல்லவளாகவே இருந்துவிட்டுப் போனாள், சண்டாளி.