துஷ்யந்தி பெயரில் ஓடிய டேட்டா

கொம்பியூட்டர் திருத்துகிற சுதேஷ் வந்தபோது நல்ல மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கி, லெப்டொப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, ராஜலிங்கம் ஐயாவின் கேட்டைத் தட்டினான். நான் என் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். சும்மா நிற்கவில்லை, திரைச்சீலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். எங்கள் லேனில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த நேரம் பார்த்து என் திரைச்சீலை கோணிக்கொள்ளும்.

ராஜலிங்கம் ஐயா நகரசபையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். பழைய மாடி வீடு, பின்பக்கம் மகாவலி. மேல்மாடியில் மூன்று அறைகள், வாடகைக்குத் தங்கி வேலைக்குப் போகும் மூன்று போர்டிங் பெண்பிள்ளைகள். அவருக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மாதம் பாதி போவதற்குள் வீட்டு வைஃபை டேட்டா தீர்ந்துவிடுகிறது, யார் தின்கிறார்கள்?

சந்தேகம் முழுக்க துஷ்யந்தி மேல்தான். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு அறையில் இருந்தபடியே ஒன்லைனில் வேலை செய்தாள். அந்தச் சம்பளத்தில்தான் தோட்டத்து லய வீட்டில் அவள் அம்மாவின் அடுப்பு எரிந்தது. "கணக்கெடுக்கிற சொப்ட்வெயார் ஒண்ணு போடப் போறேன். நீதான்னு காட்டிச்சோ, ரூமைக் காலி பண்ணிடணும்" என்று ஐயா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அறை போனால் வேலை போகும். தோட்டத்தில் போனில் பேசலாம், டேட்டாவுக்கு ஒரு கோடு சிக்னல் கூடக் கிடைக்காது.

ஒரு தட்டில் நாலு வடையை வைத்துக்கொண்டு நானும் போனேன். வெறுங்கையோடு போனால் வேடிக்கை பார்க்க வந்தது போல இருக்குமல்லவா?

ஹோலில் ஒரு பழைய கொம்பியூட்டர். அதற்கு முன்னால் சுதேஷ் கதிரையில் குந்தியிருந்தான். சொப்ட்வெயாரை ஏற்றி முடித்திருந்தான், ஆனால் எல்லோருக்கும் பூஜ்யம் காட்டியது.

"ஒருத்தரும் பாவிக்கலையாம் ஐயா. உங்க வீட்ல எல்லாரும் நல்லவங்க" என்று சிரித்தான்.

"வாய் பேசாம வேலையப் பாருங்க தம்பி."

ரவுட்டரிலிருந்து வரும் எல்லாமே இந்தக் கொம்பியூட்டருக்குள் புகுந்து போனால்தான் எண்ண முடியுமாம். வயரைக் கழற்றினான், மாற்றிச் செருகினான், இரண்டு தடவை அணைத்து ஏற்றினான். திரையில் வரிவரியாகக் கருவிகள் வந்தன. பெயர் இல்லை, வெறும் எழுத்தும் இலக்கமும். எது யாருடையது என்று கண்டுபிடிக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான்.

"ஒவ்வொருத்தரா போனை ஓஃப் பண்ணுங்க. எந்த வரி அடங்குதோ, அது உங்கட. அதுக்குப் பேர் போட்டுடலாம்."

பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற மாதிரி நடந்தது. ஐயா அணைத்தார், ஒரு வரி அடங்கியது, பெயர் போட்டான். ஐயாவின் மனைவி அன்னலட்சுமி அக்கா அணைத்தார், இன்னொன்று அடங்கியது. மற்ற இரண்டு பிள்ளைகளும் அணைத்தார்கள். டீவி அணைந்தது. துஷ்யந்தி அன்று இல்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டப் போயிருந்தாள், லெப்டொப்பையும் கொண்டு போய்விட்டாள்.

எல்லாப் போன்களும் உயிரற்று மேசையில் கிடந்தன.

ஒரு வரி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கட போன் அக்கா?" என்று சுதேஷ் என்னைப் பார்த்தான்.

"நல்லா கேட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாஸ்வேர்ட் குடுக்கிற மனுஷனா இவரு? அஞ்சு வருஷமா கேக்குறேன்."

ஐயா காது கேளாதவர் போல இருந்தார்.

சுதேஷ் திரைக்குக் கிட்டக் குனிந்தான். "இது விசித்திரமா இருக்கே. இது ஒண்ணும் எடுக்கல. அனுப்ப மட்டும் செய்யுது."

"எங்க அனுப்புது?"

"தெரியல. காட்டுதில்ல."

யாரும் பேசவில்லை. மழை விட்டிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர், அதற்கப்பால் ஆற்றின் இரைச்சல். அப்போதுதான் அந்த வாடை எனக்குத் தெரிந்தது. நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த துணியின் வாடை.

எங்கள் மௌனத்தோடு அந்த வரியின் ஓட்டத்தைக் காட்டும் எண்ணும் மெல்ல மெல்ல இறங்கி, நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் ஐயா.

எண் துள்ளி ஏறியது.

சுதேஷ் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினான். எண் விழுந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ" என்றான்.

ஏறியது.

இன்னும் சன்னமாக, உதட்டுக்குள்ளேயே சொன்னான். "ஹலோ."

ஏறியது.

போர்டிங் பிள்ளைகளில் ஒருத்தி அழத் தொடங்கினாள். எண் விடாமல் ஏறிக்கொண்டே போனது.

"இதைக் கழட்டிப் போடுங்க தம்பி" என்றார் அன்னலட்சுமி அக்கா. அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. சில்லென்றிருந்தது.

ஆனால் ராஜலிங்கம் ஐயா கிளார்க் அல்லவா? பேய் வந்தாலும் அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கேட்கிற ஜாதி. நகரசபையில் முப்பது வருடமும் அவர் செய்த வேலை அதுதான். சொந்தக்காரர் இல்லாத கணக்கை, வாய் திறக்காத யாராவது ஒருவர் தலையில் கட்டுவது.

"பேரில்லாம ஒரு வரி கிடக்கக் கூடாது. துஷ்யந்தி பேர்ல போடுங்க."

"அந்தப் புள்ள இங்க இல்லையே ஐயா. அவ போனும் இல்ல."

"அவ இங்க என்னத்த வச்சிட்டுப் போனாளோ, யாரு கண்டா? போடுங்க."

"இல்லாத புள்ள பேர்ல வேணாங்க" என்றார் அக்கா.

"நீ சும்மா இரு."

சுதேஷ் என்னைப் பார்த்தான். நான் வடைத் தட்டைப் பார்த்தேன். அவன் அந்த இடத்தில் துஷ்யந்தி என்று அடித்துச் சேமித்தான்.

அனுப்பிக்கொண்டிருந்த வரி சட்டென நின்றது.

பிறகு முதல் தடவையாக, உள்ளே எடுக்கத் தொடங்கியது.

மேல்மாடியில், பூட்டியிருந்த துஷ்யந்தியின் அறையில், யாரோ கட்டிலை விட்டு எழுந்து நடந்தார்கள்.

*

மறுநாள் பின்னேரம் அவள் வந்தாள். பன்வில பஸ் பிந்திவிட்டது என்று சொல்லிக்கொண்டே நனைந்த தலையோடு ஹோலுக்குள் ஏறினாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. கையில் எனக்காகக் கோயில் பொங்கல், வாழையிலையில் சுற்றி. அங்கே நான் ஏன் இருந்தேன் என்று கேட்காதீர்கள். தட்டை வாங்க வந்திருந்தேன். சுதேஷும் இருந்தான். கொம்பியூட்டர் இரவெல்லாம் உறுமிக்கொண்டே இருந்ததாம், ஐயா கூப்பிட்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன இடத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார்கள். கெட்டிக்காரிகள்.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். "என்னா, வைஃபை எடுக்குதில்ல? பாஸ்வேர்ட் மாத்திட்டீங்களா ஐயா?"

"மாத்தல. நீதான் நேத்துல இருந்து எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருக்கியே!"

"நானா? நான் தோட்டத்துல இருந்தேனுங்க ஐயா. அங்க என்னா டேட்டா?"

சுதேஷ் திரையைக் காட்டினான். துஷ்யந்தி என்ற வரி நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அடியில், பெயரில்லாமல், புதிதாக ஒரு வரி விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் போனை அணைத்தாள். அந்தப் பெயரில்லாத வரிதான் அடங்கியது.

அவள் முகம் வெளுத்தது. சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

தட்டினாள்.

"யாரு?" என்று கேட்டது உள்ளேயிருந்து.

அவளுடைய குரல்.

"உடுப்பு மாத்திக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் கழிச்சு வாங்களேன்."

அவள் எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விழுந்து எழும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எவடி அவ, என் வீட்ல?" என்று கத்திக்கொண்டு ஐயா மேலே ஓடினார். அன்னலட்சுமி அக்காவும் பின்னால் போனார். சுதேஷ் கீபோர்டின் மேல் பாய்ந்தான்.

"பேரை எடுத்துடுறேன். எடுத்துடுறேன் தங்கச்சி, பயப்படாதீங்க."

அழித்தான். அந்த வரி போனது. ஒரு மூச்சு விடுவதற்குள் அதே பெயரோடு திரும்பி வந்தது. மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அழித்தபோது, அடியிலிருந்த பெயரில்லாத வரி காணாமல் போனது. அது திரும்பி வரவில்லை.

வயரைப் பிடுங்கினான். ரவுட்டர் அணைந்தது. கொம்பியூட்டர் அணைந்தது.

மேலே கதவு திறந்தது. ஹோலில் நின்றபடி படிக்கட்டு வளைவு வழியே நான் பார்த்தது கதவைப் பிடித்திருந்த ஒரு கையை மட்டும்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ராஜலிங்கம் ஐயா இறங்கி வந்தார். நான் கண்ட நாளிலிருந்து பார்த்திராத ஒரு கனிவு அவர் முகத்தில்.

"புள்ள மேலதான் இருக்கா. திருவிழாவுக்குப் போயிட்டு வந்த களைப்பு, பாவம்."

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? ரூம் பார்க்க வந்தீங்களா?"

"ஐயா, நான்... ஐயா!"

"இப்ப ரூம் ஒண்ணும் காலியில்லையே."

அன்னலட்சுமி அக்கா எங்களைத் தாண்டிக் குசினிக்குப் போனார். மேலே துஷ்யந்திக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமாம். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய அதே மனுஷி. சுதேஷைப் பார்த்தேன். அவன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, அவளை எங்கேயோ பார்த்த முகம் என்பது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடினேன்.

*

ஏன் எனக்கு மட்டும் அவளைத் தெரிந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். ஒரே ஒரு காரணம்தான் தட்டுப்பட்டது. அந்த வீட்டு வைஃபையில் ஒருபோதும் சேராத போன் என்னுடையது. ஒரு கஞ்சனின் கஞ்சத்தனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டி வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

குசினிக் கதவை மூடி, அவளை அடுப்பங்கரையில் உட்கார வைத்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. என் குசினி ஜன்னலுக்கு நேரே, மதிலுக்கு மேலே, அவளுடைய அறை ஜன்னல் தெரியும். திரை மூடியிருந்தது.

"அம்மாகிட்ட பேசணுங்கக்கா" என்றாள். பல் அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா சொன்னா எல்லாரும் நம்புவாங்க. என்னையப் பெத்தவங்க சொன்னா..."

என் போனைக் கொடுத்தேன். இலக்கத்தைச் சரியாக அழுத்துவதற்குள் இரண்டு தடவை பிழை விட்டாள். மணி நெடுநேரம் போனது. சத்தம் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"யாரு பேசுறது?" என்றது ஒரு பெண்குரல். பின்னால் திருவிழாத் தப்பு மேளச் சத்தம்.

"அம்மா! நான்தாம்மா! நான் இங்க பக்கத்து வீட்ல இருக்கேன், அந்த ரூமுல யாரோ..."

"யாரும்மா நீ?"

"அம்மா, நான் உங்க மகம்மா!"

அம்மா பயந்த குரலில் சொன்னாள், "என் மக இந்தா, அவ தம்பியோட போன்ல வீடியோவுல என்கூட பேசிக்கிட்டு இருக்கா. வீட்டுக்குள்ள வீடியோவுக்கு சிக்னலே கெடையாது, அவ எடுத்தா மட்டும் பளிச்சுன்னு தெரியுறா. நீ யாரு அவ கொரல்ல பேசுற? இப்பிடியெல்லாம் வெளையாடக் கூடாது தாயி, இது சாமி காரியம் நடக்கிற நேரம்."

போனை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பயத்தை விட ஆத்திரம் எனக்கு. இந்த லேனில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்தவள் நான். ஒரு பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாதா?

"இங்க பாருங்கம்மா, நான் பக்கத்து வீட்டுக்காரி. உங்க மக இதோ என் முன்னால உக்காந்திருக்கா. நான் சத்தியமா சொல்றேன், இவதான் துஷ்யந்தி! கேக்குதா? துஷ்யந்தி!"

மதிலுக்கு மேலே அந்த ஜன்னலின் திரை விலகியது.

"என்னங்கக்கா?"

ஜன்னலிலிருந்தும் கேட்டது. அதே நொடியில், மடுல்கெல்ல லயத்து வீட்டு வீடியோவிலிருந்து என் போன் வழியாகவும் கேட்டது. ஒரே குரல், ஒரே இழுவை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. அடுப்பங்கரையில் இருந்தவளின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் பயம் இல்லை, கண்ணீர் இல்லை. சிரமப்பட்டு எதையோ ஞாபகப்படுத்திப் பார்ப்பவள் போல ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாரைக்கா கூப்பிட்டீங்க?"